சிறை நீங்கினார்க்கு வழித்துணை



கார்த்திகை உத்திரத்தில் மெய்ப்பொருள் நாயனார் குருபூசை நிகழுங்கால் அவர் வரலாற்றைப் பேசுவோர், நாயனார் திருநீற்றுக் கோலத்தின்மாட்டு வைத்த பத்தியையும் முத்தநாதன் செய்த வஞ்சனையையும் விரித்துரைத்து, இறைவன் காட்சி கொடுத்தருளியதைச் சொல்லி முடித்துவிடுதலே பெருவழக்கு. இவற்றிற்கிடையே சேக்கிழார் பெருமான் நின்று நிதானித்துப் பாடிய பகுதி ஒன்றுண்டு. அது தத்தன் செய்த பணி. அதனை ஓரிரு சொற்களிற் கடந்துபோதல் நம்மவர்க்கு இயல்பாய்விட்டது.

தத்தன் யாவன்? திருக்கோவலூர் அரண்மனையில் வாயில் காத்தவன். தன் மன்னன் குருதி சோர வீழ்ந்து கிடக்கக் காண்கின்றான். குத்தியவன் பக்கத்தே நிற்கின்றான். ஓங்கிய வாளை மன்னன் தன் கையால் தடுத்து, இவர் நம்மைச் சார்ந்தவர் என அறிவித்து, இவர்க்கு யாதோர் இடையூறும் நேராவண்ணம் கொண்டுபோய் விடுக எனப் பணிக்கின்றான். செய்தி பரவுகின்றது, நகரமாந்தர் சினந்து சூழ்ந்துகொள்கின்றனர். தத்தன் அவர்க்கெல்லாம் மன்னன் ஆணையைச் சொல்லி விலக்கி, அக்கொலைஞனுக்குத் தானே அரணாகி, ஊரெல்லை கடந்து, ஆள்வழக்கற்ற நெறியிற் கொண்டு விடுத்து மீள்கின்றான். அதுகாறும் நாயனார் உயிர் தாங்கிக் கிடந்தமை கருதத்தக்கது. அவர் கேட்கக் காத்திருந்தது ஒரு செய்தியையே. அவன் தீங்கின்றிப் போயினான் என்பது செவியிற் பட்ட பின்னரே, இன்று நீ செய்த உதவியை வேறு யார் செய்ய வல்லார் எனத் தத்தனைப் பாராட்டி, உரியோர்க்குச் சொல்லவேண்டுவன சொல்லி, அம்பலவாணர் திருவடியைச் சிந்திக்கலானார்.

மன்னித்தல் ஒருவர் உள்ளத்தளவில் நிகழ்ந்து முடியும். மன்னிக்கப்பட்டவனை ஊரார் நடுவே கொண்டு செலுத்துதற்கோ, வழிநெடுக ஓர் ஆள் உடன் நடத்தல் வேண்டும். சிறையினின்றும் விடுதலை பெற்று வருவோர்க்கு இக்காலத்து வேண்டப்படுவது இத்தத்தன் பணியே. அதனை ஊர்தோறும் சைவமக்கள் கூடிச் செய்தற்குரிய வகையினை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

அற்றேல், நாயனார் காத்தது சிவவேடத்தையே யன்றிக் குற்றவாளியை அன்று. அவ்வரலாறு இதற்கு எங்ஙனம் சான்றாம் எனின், வினா நேரியதே. வரலாற்றை நம் கருத்துக்கு வளைத்தல் கற்றோர்க்கு அழகன்று. நாயனார் கண்ட பொருள் வேடமே, அதில் ஐயமில்லை. தத்தன் கண்டதோ கொலைஞனையே. வேடத்துள் மறைந்த வஞ்சனையை முன்னரே ஐயுற்றுக் கண் வைத்திருந்தவன் அவன். தன்னுள்ளம் கொதித்துக்கொண்டிருக்கவும், தலைவன் சொல்லை மேற்கொண்டு, வெறுக்கத்தக்க ஒருவனுடன் அத்துணைத் தொலைவு நடந்தான். விருப்பு வெறுப்பின் வழிப்படாத அந்நடையே நாம் அவனிடத்துக் கற்கத்தக்கது.

வேடமில்லாதாரைப் பற்றிய சான்று வேண்டுவோர் திருவிளையாடற் புராணத்து மாபாதகந் தீர்த்த படலத்தை நோக்குக. அவந்தி நகரத்து அந்தண மைந்தன் செய்த பாவத்தினும் கொடியதனைப் புராணங்களிற் காண்டல் அரிது. தாயைப் புணர்ந்து தந்தையைக் கொன்றான். வேடரும் அவன் பொருளைப் பறித்துக்கொண்டனர், செல்லுமிடந்தோறும் துரத்துண்டான். அவனுக்கு ஒருவருமிலர். அத்தகையானை மதுரையிற் சோமசுந்தரக் கடவுளே வேடவுருக்கொண்டு எதிர்ப்பட்டு, நீ யார், உனக்கு நேர்ந்தது யாது என வினவுகின்றார். முதற்கண் நிகழ்ந்தது வினவுதல் என்பதைக் குறித்துக்கொள்க. அவன் சொல்ல முழுதும் கேட்டருளினார். அதன்பின் அவர் அருளியது அன்றாடம் செய்தற்குரிய பணிகளையே. ஒருபோது இரந்துண்ணல், அடியார்க்கு ஏவல் செய்தல், பசுவுக்குப் புல் கொடுத்தல், பொற்றாமரையில் நீராடல், திருக்கோயிலை அங்கப்பிரதட்சிணஞ் செய்தல் என ஒரு நாளின் பொழுதெல்லாம் நிரம்பும்படி ஒழுங்கு வகுத்துக் கொடுத்தார். உமையம்மையார், இத்தகையானுக்கோ அருள் என வியந்தபொழுது, உய்தற்கு வேறு வழி ஒன்றுமில்லாதவனைக் காத்தலே காத்தலாம் எனும் கருத்துப்பட விடை தந்தருளினார். வழியுள்ளாரைக் காத்தற்கு உலகிற் பலருளர் அன்றோ?

இனிச் சாத்திரப் பொருளுக்கு வருவாம். சிவஞான சித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியார், அரசன் செய்யும் தண்டமும் இறைவன் அருள்வழிப்பட்டதே என்றும், அத்தண்டத்தால் தீமை தீரப்பெற்றோர் பின் நெறிவழி நடப்பர் என்றும், அன்னார் தூயராதலின் நரகம் புகார் என்றும் உரைத்தருளினார். இதன் பயனை நம்மவர் முழுதும் உணர்ந்திலர் என்றே யாம் கருதுகின்றாம். குற்றத்தின் பொருட்டு அரசுத் தண்டம் பெற்றுக் கழித்தவனுக்கு இறைவனும் நரகத்தை மீளவும் விதிப்பதில்லை எனச் சித்தாந்தம் கூறாநிற்க, பத்தாண்டு சிறையிருந்து வந்தானுக்கு வாடகை வீடில்லை, வேலையில்லை, பந்தியில் இடமில்லை என நாம் இரண்டாவது தண்டம் விதிக்கின்றோம். இறைவன் நீக்கிய நரகத்தை ஊரார் கட்டி வைக்கின்றனர். இதற்கு எந்த ஆகமத்தில் விதியுளது? ஆகம வழக்கோ இதற்கு மாறாயது. திரிலோசன சிவாசாரியார் பிராயச்சித்த சமுச்சயம் முதலிய நூல்கள் எழுந்தமைக்குக் காரணமே, கழுவாய் முடித்தவனை முன்போல் ஏற்றுக்கொள்ளுதற்கு எல்லை காட்டுதல்தானே!

அவ்வாசிரியரே மருத்துவனை உவமை காட்டினார். சில நோயை அறுத்துச் சுட்டுத் தீர்ப்பன். சில நோயைப் பாலும் கண்டசருக்கரையும் போல்வன கொடுத்துத் தீர்ப்பன். அறுத்தலும் அருளே. ஆயினும் அறுத்த மருத்துவன் புண்ணைக் கட்டாது நோயாளனைத் தெருவில் விடுவனேல், புண் புரையோடி முன்னையினும் கேடாகும். அரசு அறுக்கின்றது, கட்டுதற்கு உரியார் யார் என்பதே இப்போதைய வினா.

வினை நுகர்ச்சியை இடைபுகுந்து தடுத்தல் ஆகாது, அவரவர் ஊழ் அவரவர்க்கு என்பார் சிலர். இது சித்தாந்தமன்று, சோம்பலுக்குச் சாத்திரப் போர்வை. வினையைக் கூட்டி ஊட்டுவான் இறைவனே யன்றி அண்டைவீட்டுக்காரன் அல்லன். ஒருவன் பிராரத்தத்திற் பசி உள்ளதுபோலவே, பிறர் இடும் சோறும் உள்ளது என்க. அன்றியும், ஆணவமலம் சகலராகிய நம் எல்லார்க்கும் பொதுவன்றோ? சினம் வந்த கணத்திற் கைக்கு எட்டியது அரிவாளாயிருந்த ஒருவனுக்கும், வெறும் விசிறியாயிருந்த மற்றொருவனுக்கும் மலத்தளவில் வேற்றுமை காணுதல் எளிதன்று.

இனி உலகியல் நிலையை அறிதல் வேண்டும். சிறையிலிருப்பார் எல்லாருங் குற்றம் நாட்டப்பெற்றவர் எனப் பலரும் நினைக்கின்றனர். 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர் விசாரணை முடியாதவர்; அஃதாவது நால்வரில் மூவர். நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த பின்னரும், பிணை நிற்க ஓர் ஆளில்லாமையால் உள்ளேயே கிடக்கும் ஏழையரும் உளர். வழக்கின் முடிவிற் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெறுவார்க்கும் ஊரார் சூட்டும் பெயர் ஒன்றே: ஜெயிலுக்குப் போனவன்.

அரசு ஒன்றுஞ் செய்யவில்லை எனல் பொருந்தாது. 1919-20-இல் அமைந்த இந்தியச் சிறைக்குழு, சிறையின் நோக்கம் திருத்தமே என்றும் விடுதலையானோர்க்கு உதவி வேண்டுமென்றும் வற்புறுத்தியது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்கீழ்த் தண்டனையின்றி விடப்பட்டோர்க்கு, குற்றத்தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு இல்லையென அச்சட்டமே கூறுகின்றது. 2023-இல் மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கென வகுத்த மாதிரிச் சிறைச் சட்டத்தினும் பின்னுதவி சொல்லப்பட்டுள்ளது. புழல், வேலூர் முதலிய இடங்களிற் கைதிகள் பணிசெய்யும் பெட்ரோல் விற்பனை நிலையங்களைச் சிறைத்துறை நடத்தி வந்திருத்தலை வழிச்செல்வோர் கண்டிருப்பர். நெசவும் ரொட்டி செய்தலும் உள்ளே கற்பிக்கின்றனர். ஆனால் சட்டம் ஒருவனைக் கதவுவரை கொண்டுவந்து விடும்; கதவுக்கு வெளியே கைபிடித்தற்குச் சட்டத்திற்குக் கையில்லை.

கதவுக்கு வெளியே நேர்வது யாது? பல்லாண்டு கழித்து வருவானுக்குப் பேருந்தின் வழித்தடங்கூட மாறியிருக்கும். கைபேசி வழியாகப் பணங் கொடுக்கும் முறை அவன் அறியாதது. ஆதார் அட்டையும் ரேஷன் கார்டும் காணாமற்போயிருக்கும். அவையின்றி வங்கிக் கணக்கில்லை, கூலி வேலையும் அரிது. மனைவி தன் பிறந்தகம் போயிருப்பாள். குழந்தைகள் தந்தை வெளியூரில் வேலையிலிருப்பதாகச் சொல்லி வளர்க்கப்பட்டிருப்பர். ஊரில் ஒரு கோழி காணாமற்போயினும் போலீசார் முதலில் அவன் வீட்டுக்கதவையே தட்டுவர். இந்நிலையில் அவனை விரும்பி வரவேற்கும் கூட்டம் ஒன்றே ஒன்று. அது பழைய கூட்டாளிகளின் கூட்டம். அவர்கள் காலையிலேயே சிறைவாயிலில் வண்டியோடு நிற்கின்றனர். நாம் நிற்பதில்லை.

மகளிர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஆடவன் சிறைசென்றால் தாயோ தாரமோ மனுக்கொடுத்துப் பார்க்க வருவாள். பெண் சிறைசென்றால் பார்க்க வருவார் அருகுகின்றனர். திரும்பிப் புகுதற்கு வீடும் இல்லையாய்விடுகின்றது.

நம் சமயத்தார்க்கு உரிய சான்றொன்று அண்மைக் காலத்திலேயே உண்டு. தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களைத் தேசாபிமானி எனவே உலகம் அறியும். அவர் சிவஞானபோதத்துக்கு உரை கண்டு 1935-இல் வெளியிட்டவர் என்பது இப்பத்திரிகை படிப்பார்க்குத் தெரிந்ததே. 1908-இல் தண்டிக்கப்பட்டு, கோயமுத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்து, கண்ணனூர்ச் சிறையினின்று 1912 டிசம்பரில் வெளிவந்தபொழுது எதிர்கொண்டார் சுப்பிரமணிய சிவா முதலிய மிகச் சிலரே. சிறைபுகுமுன் அவர் சொல்லுக்குத் திரண்ட கூட்டம் எங்கே போயிற்று? வக்கீல் சன்னத்தும் பறிபோயிருந்தது. சிறு வாணிகம் செய்தும் வறுமை நீங்கிற்றில்லை. பின்னர் வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதி ஒருவர் சன்னத்தைத் திரும்பப் பெறுவித்தார். அந்நன்றி மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார் பிள்ளையவர்கள். நாட்டுக்காகச் சிறைசென்ற கற்றாரொருவர்க்கே இந்நிலையாயின், குடிவெறியிற் கைநீட்டிச் சிறைசென்ற கூலிக்காரனுக்கு என்ன கதி என்பதை எண்ணுக. வழக்கின் தன்மை வேறு, ஒப்பிடுகின்றேமல்லேம். தொழிலுரிமையை மீட்டுக் கொடுத்த ஒருவர் பெயரைத் தம் குடியிலேயே நிறுத்தி வைக்கும் அளவு அவர் நன்றி பெரிதாயிருந்தது என்பதையே குறிக்கின்றாம்.

இத்தொண்டைச் செய்தற்குத் திருமடங்கள் பெரும்பொருள் ஒதுக்கி ஒரு நிலையம் கட்டித் திறந்து வைத்தல் போதும் என்பது சிலர் கருத்து. யாம் அதற்கு உடன்படுகின்றிலம். கட்டடத்துக்கு வருவான் மீளவும் ஒரு மதிலுக்குள்ளே வருகின்றான். வேண்டுவது அவன் பிழைக்கப்போகும் ஊரிலேயே அவனை அறிந்த ஐந்தாறு பேர். இதற்குப் புதிதாக யாரையும் தேடவேண்டுவதில்லை. இன்று தமிழ்நாட்டில் ஊர்தோறும் திருவாசக முற்றோதல் செய்யும் குழுவுளது; ஞாயிறுதோறும் பாழ்பட்ட கோயிலிற் புல் செதுக்கும் உழவாரக் கூட்டமுளது; வார வழிபாட்டு மன்றமுளது; அன்னம்பாலிப்புச் செய்வாருளர். இவற்றுள் ஒவ்வொன்றிலும் ஐவர் முன்வருவாராயின் கூட்டம் அமைந்துவிட்டது. ஒரு வக்கீல், தாலுகா ஆபீசு நடைமுறை தெரிந்த ஒருவர், வேலை கொடுக்கவல்ல ஒரு கடைக்காரர், பொறுமையுள்ள ஒரு பெரியம்மை, தேவாரம் பாடவல்ல ஓர் இளைஞர் என்றிவ்வாறு அமையின் நன்று. பொறுமையுள்ள பெரியம்மை கிடையாராயின் மற்றை நால்வரும் இருந்தும் பயன் குறைவு என்பது எம் எண்ணம்.

இக்கூட்டத்தில் சிறையிருந்து மீண்ட ஒருவர் உறுப்பினராதல் இன்றியமையாதது. நாம் உதவுவோர், அவர் உதவி பெறுவோர் என்ற பிரிவு நெடுநாள் நிற்குமாயின், அதுவும் ஒருவகைத் தளையாம். அமெரிக்க நாட்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் 1971-இல் தொடங்கிய டெலன்சி தெரு நிலையம், சிறைமீண்டாரே ஒருவர்க்கொருவர் தொழில் கற்பித்து, வீட்டுச் சாமான் ஏற்றியிறக்கும் தொழிலும் உணவுச்சாலையும் நடத்தித் தம்மைத் தாமே தாங்கிக்கொண்டமையால் பேர்பெற்றது. முதல்நாள் வந்தவனுக்கு, சின்னாள் முன் வந்தவன் ஆசிரியன். சிங்கப்பூரில் மாரியம்மன் கோயில் முதலியவற்றை மேற்பார்க்கும் இந்து அறக்கட்டளை வாரியம், போதைப்பழக்கத்தாற் சிறைப்பட்டு மீளும் நம்மவர்க்கென ஆசிரமம் என்னும் பெயரால் ஓர் இடைத்தங்கல் இல்லம் நடத்தி வந்திருக்கின்றது. கோயிலார்க்கு இது புறம்பான வேலை என்பார் அதனை அறிவாராக.

அன்பு காட்டுதல் கண்ணை மூடிக்கொள்ளுதலன்று. கனடா நாட்டு ஹாமில்டன் நகரில் 1994-இல், குழந்தைகளுக்குத் தீங்கிழைத்துத் தண்டனைக்காலம் முழுதுங் கழித்து வந்த ஒருவனை ஊரெல்லாம் அஞ்சி வெறுத்தபோது, மெனோனைட் என்னும் கிறித்தவப் பிரிவின் ஒரு சிறு சபையார் சிலர் அவனைச் சூழ நின்றனர். அவர் நின்றது இருநோக்கத்தோடு: அவன் தனித்துப்போகாமற் காத்தல், அவன் மீளத் தவறாமற் காத்தல். ஒளிவின்றி அவனிடமே சொல்லி, நாடோறும் கண்டு பேசினர். அம்முறை பின்னர்ப் பிறநாடுகளிலும் பரவிற்று. பிற சமயத்தார் செய்த நன்மையைக் கொள்ளுதலில் நமக்குக் குறைவில்லை. நம் கூட்டத்தாரும் அவ்வாறே நேர்மையாகப் பேசிப் பழகுதல் வேண்டும். குடிப்பழக்கத்தாற் கெட்டவனைத் திருவிழாப் பணப்பெட்டிக்குக் காவல் வைத்தல் கருணையன்று, அறியாமை.

தீங்குற்றாரை மறத்தலும் ஆகாது. கொலையுண்டான் வீட்டிலும் ஒரு தாயுளள். விடுதலையானவன் அவள் தெருவழியே மாலையிட்டு ஊர்வலம் வருதல் கொடுமை. எனவே வரவேற்பு ஆரவாரமின்றி இருத்தல் வேண்டும்; படம் எடுத்துப் பரப்புதல் அறவே கூடாது. கூடுமாயின் அவ்வீட்டாரையும் நம்மவர் இருவர் வேறாகச் சென்று கண்டு, அவர்க்கு வேண்டுவன அறிந்து செய்க. அதே ஊரிற் குடியிருத்தல் அவர்க்குப் புண்ணைக் கிளறுமாயின், அயலூர் மன்றத்தார் அவனை ஏற்றுக்கொள்ளுதலே முறை. ஊர்தோறும் கூட்டம் வேண்டுமென்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓரூர் அன்னம்பாலிப்புச் சமையற்கட்டிற் காய்கறி நறுக்க ஒருவர் அமர்த்தப்பட்டார். ஏழாண்டு சிறையில் இருந்தவர் என்பது வெளிப்பட்டதும், அவர் கை பட்டதை உண்ணோம் என்றனர் சிலர். விலக்கிவிடுவதே நன்று என்ற பேச்சு எழுந்தது. அக்குழுவின் முதியவர் ஒருவர் யாதும் வாதியாது, மறுநாள் தொடங்கி அவர்க்குப் பக்கத்திலேயே மற்றோர் அரிவாள்மணையை இட்டு அமர்ந்து பூசணிக்காய் நறுக்கலானார். மூன்று வாரத்தில் பேச்சு அடங்கிற்று. நால்வர் எழுந்துபோயினர் என்பதும் உண்மை; அவர்கள் இன்னும் திரும்பவில்லை. அம்முதியவர் அதுபற்றிக் கவன்றதாகவும் தெரியவில்லை.

திருமடத்துத் தலைவர்கள்பால் எம் விண்ணப்பம் சிறிதே. ஆதீனங்களுக்கு நந்தவனமுண்டு, கோசாலையுண்டு, நெல்வயலுண்டு, அச்சகமுண்டு. மாபாதகன் கைக்குச் சொக்கநாதர் கொடுத்ததும் பசுவுக்குப் புல்லே யன்றோ? ஒவ்வொரு திருமடமும் ஆண்டுக்கு இருவர்க்குக் கூலி குறையாத வேலை கொடுத்தல் அரிதன்று. அவ்வேலையினும் பெரிதாக உதவவல்லது, ஈராண்டு கழித்து அவர் வெளியில் வேலை தேடும்போது, இவர் எம்மிடம் ஒழுங்காகப் பணிசெய்தார் எனத் திருமட முத்திரையோடு கொடுக்கும் ஒரு கடிதம். அச்சிறு தாள், போலீசு நற்சான்று கிட்டாதவனுக்கு அரணாய் நிற்கும். இப்பணியைத் தீக்கை கொடுத்தற்கு வலையாக்குதல் கூடாதென்பதும் எம் கருத்து. நம் சமயத்தாரல்லாதார் வரினும் வழித்துணை வழித்துணையே. தமக்காக ஒருவர் ஓதக் கேட்டு அவரே விரும்பி வருவாராயின், அது இறைவன் செயல்.

தொடக்கம் விடுதலை நாளன்று. அதற்கு மூன்று திங்கள் முன்னரே என்க. கூட்டத்தாருள் ஒருவர் சிறை அதிகாரியின் அனுமதி பெற்று, வெளிவர இருப்பவர்க்கு ஒரு கடிதம் எழுதுக. அதில் அறிவுரை ஒன்றும் வேண்டா. எந்த ஊருக்குப் போக எண்ணுகின்றீர், அங்கே யார் இருக்கின்றனர், எந்தத் தாள்கள் கையில் உள்ளன, எந்த வேலை தெரியும், உடம்பில் மருந்துண்ணும் நோய் உண்டோ என்ற ஐந்தையே கேட்க. விடை வந்த பின் தாலுகா ஆபீசுக்குப் போகவேண்டியவர் போகலாம், வீடு பார்க்கவேண்டியவர் பார்க்கலாம். விடுதலை நாளில் சிறைவாயிலுக்கு இருவர் செல்க. மாற்று வேட்டி ஒன்று, பேருந்துச் செலவுக்குப் பணம், வழியில் உண்ணக் கட்டுச்சோறு, சிறிது திருநீறு எடுத்துக்கொள்க. பழைய கூட்டாளிகளின் வண்டி விடியுமுன்னே வந்துவிடுமாதலின், நம்மவர் முதல்நாள் இரவே அவ்வூர் சென்று தங்குதல் நன்று.

திருச்சிற்றம்பலம்.